தலைவாஸ் ஏலமும் நம்ம ஊர்த் திடலும்

அடுத்த ஏலம் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஏலம் முடிந்த பிறகு எழுதினால் யார் காதிலும் ஏறாது. புரோ கபடி ஏலம் நடக்கும் இரண்டு நாளும், அது முடிந்த இரண்டு வாரமும், தண்டலம் கூட்டுரோட்டில் டீ குடிக்க நிற்கிற எல்லாருமே செலக்‌ஷன் கமிட்டி மெம்பர்கள்தான். "இவனுக்கு எதுக்குடா இவ்வளவு காசு?", "அவனை ஏன் விட்டாங்க?", "கார்னர்ல ஆளே இல்லையே, எவன் பிடிக்கிறது?" என்று ஒரே சத்தம். ஷிப்ட் முடிந்து வருகிற பையன்களோடு நம் வயசுக்காரர்களும் சேர்ந்துகொண்டு கத்துகிறார்கள். எனக்குப் பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், சத்தம் போட்டுப் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

இந்தச் சண்டையில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று கோடிக் கட்சி. அதிக விலைக்கு யாரை வாங்கினோம் என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. இன்னொன்று மண் கட்சி. "தமிழ் தலைவாஸ்னு பேரை வெச்சுட்டு ஹரியானாக்காரனை இறக்குறாங்க, இது என்ன நியாயம்?" என்பது அவர்கள் வாதம். இரண்டு கட்சியும் தப்பு என்பது என் கட்சி. ஏன் தப்பு என்று வரிசையாகச் சொல்கிறேன். கோபம் வந்தால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஏலம் என்றால் என்ன என்று தெரியாத பெரியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. புரோ கபடியில் பன்னிரண்டு அணிகள். போன சீசனில் ஒவ்வொரு அணிக்கும் ஐந்து கோடி ரூபாய் வரை செலவு செய்ய அனுமதி. வீரர்களை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரித்து, 30 லட்சம், 20 லட்சம், 13 லட்சம், 9 லட்சம் என்று ஆரம்ப விலை வைத்தார்கள். பெயரைக் கூவுவார்கள், அணிக்காரர்கள் பலகையைத் தூக்குவார்கள். நம் ஊரில் கோயில் மாங்காய் ஏலம் விடுவார்களே, அதே கதைதான். இடம் மட்டும் மும்பை நட்சத்திர ஹோட்டல். 2014-இல் முதல் சீசனில் அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். பாட்னா அணி 12 லட்சத்து 80 ஆயிரத்துக்கு எடுத்தது. 2018-இல் விலை கோடியைத் தாண்டியது. 2023-இல் பவன் ஷெராவத்துக்கு 2 கோடியே 60 லட்சம் சொச்சம் கொடுத்தது தெலுங்கு டைட்டன்ஸ். ஒன்பது வருஷத்தில் இருபது மடங்கு. சடுகுடு ஆடுகிறவனுக்கு இவ்வளவு காசு வருகிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான். கபடி ஆடினால் கால் உடைவதைத் தவிர வேறு என்ன கிடைக்கும் என்று என் அப்பா கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் வந்திருக்கிறது.

இனி கோடிக் கட்சிக்கு வருகிறேன்.

2017-இல் ஐந்தாவது சீசனில் நம் தலைவாஸ் வந்தார்கள். சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர். ஊரெல்லாம் பேனர். அந்த வருஷம் தங்கள் பிரிவில் கடைசி இடம். அடுத்த வருஷமும் அப்படித்தான். 2019-இல், இந்தத் தடவை விடக்கூடாது என்று, பெரிய பெரிய பெயர்களாகச் சேர்த்தார்கள். அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர். இந்தியக் கபடியின் சாமி சிலைகளை எல்லாம் ஒரே கோயிலில் வைத்த மாதிரி இருந்தது. டீக்கடையில் அன்றைக்கே கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். முடிவு? பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

2022 ஆகஸ்டில் மறுபடி ஏலம். பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தோம். அதுவரைக்கும் யாருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. "எடுத்தோம்" என்று நானும் எழுதுகிறேன் பாருங்கள், என் பாக்கெட்டிலிருந்து எண்ணிக் கொடுத்த மாதிரி. அக்டோபரில் முதல் ஆட்டம். அந்த முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். சீசன் முழுக்க அவர் ஆடவில்லை.

சரி, அந்த வருஷம் தலைவாஸ் நாசமாய்ப் போனார்களா? இல்லை. அந்த வருஷம்தான் முதல் தடவையாக பிளே-ஆஃப் போய் அரையிறுதி வரைக்கும் வந்தார்கள். கொண்டுபோனது யார்? நரேந்தர் என்ற புதுப் பையன். கோடி ஏலத்தில் அவர் பெயரை யாரும் கூவவில்லை. புது இளம் வீரர் என்ற கணக்கில் அணிக்குள் வந்தவர். முதல் சீசனிலேயே ரைடில் 243 புள்ளி எடுத்தார். கூடவே தடுப்பில் நின்ற சாகர், சாஹில் போன்றவர்களும் இளம் பையன்கள்தான். டீக்கடை கமிட்டி ஏலத்தன்று இந்தப் பெயர்களை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இதிலிருந்து யாராவது பாடம் படித்தார்களா என்றால் அதுவும் இல்லை. 2024-இல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தார்கள். அந்த ஏலத்தில் அதுதான் உச்ச விலை. அந்த சீசனில் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. 2025-இல் அர்ஜுன் தேஷ்வால் 1 கோடியே 40 லட்சம் சொச்சம், பவன் ஷெராவத் திரும்ப வந்தது 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கு. பவன் கேப்டன். செப்டம்பரில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டதாக அணி அறிவித்தது. அவர் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். இத்தனை வருஷம் இவ்வளவு விலை கொடுத்தும், கோடிக் கட்சி இன்னும் "இந்தத் தடவை யாரு எவ்வளவுக்கு?" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறதே, அலுக்கவில்லையா?

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. ஏலத்துக்குப் பதில் டிராஃப்ட் என்று ஒரு முறை இருக்கிறது. விலை கூவ மாட்டார்கள். பட்டியல் வைத்துக்கொண்டு அணிகள் முறைவைத்து ஒவ்வொரு பெயராக எடுப்பார்கள். அமெரிக்காவில் அவர்கள் ஆடுகிற, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஃபுட்பாலில் 1936-இல் ஆரம்பித்தது. போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. நல்ல ஏற்பாடுதான். அந்த முதல் டிராஃப்டில் முதல் பெயராக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அந்நாளில் கல்லூரி ஆட்டக்காரர்களில் அவர்தான் முதல்வர். அவர் சம்பளம் ஒத்துவரவில்லை என்று அந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்! அன்றைக்கும் அங்கே ஏதாவது ஒரு கடையில் நாலு பெருசுகள் உட்கார்ந்து, "இவனை எடுத்தது சரியா தப்பா" என்று கத்தியிருப்பார்கள்.

இப்போது மண் கட்சி. இந்தக் கட்சியில் என் நெருங்கிய நண்பர்களே இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

"தமிழன் ஆடாத அணிக்குத் தமிழ் என்று பேர் எதற்கு?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி கேட்கிறவர்கள் மேலும் இரண்டு நிமிஷம் பேச விட்டால் எங்கே போய் நிற்கிறார்கள் தெரியுமா? "வடக்கன் வந்து கம்பெனி வேலையை எடுத்துட்டான், ரூம் வாடகையை ஏத்திட்டான், இப்ப கபடியையும் எடுத்துட்டான்." கபடி எங்கே போயிற்று? பேச்சு முழுக்க சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பீகார், ஒடிசா பையன்கள் மேல்தான். ஒரு ஹாலில் எட்டுப் பேர் படுத்துத் தூங்கி, ஷிப்டுக்கு ஓடுகிற அந்தப் பிள்ளைகளுக்கும், மும்பையில் கோடிக்கு ஏலம் போகிறவருக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கட்சிக்காரர்களுக்கு இரண்டு தகவல். புரோ கபடியில் பாட்னா பைரேட்ஸ் தொடர்ந்து மூன்று தடவை கோப்பை ஜெயித்த அணி. அதில் 2016-இல் ஜெயித்த நான்காவது சீசனில் கேப்டனாக இருந்தவர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய அணியிலும் இருந்தார். இரண்டாவது, 2022-இல் பவனுக்கு அடிபட்டதே, அன்றைக்கு எதிரில் ஆடிய குஜராத் அணிக்குக் கேப்டன் யார்? சந்திரன் ரஞ்சித். நம் தமிழ்நாட்டுப் பையன். குஜராத்திக்காரர்கள் "எங்க அணிக்குத் தமிழன் கேப்டனா?" என்று கடையடைப்பு நடத்தவில்லை.

எங்கள் தெருவின் மூலை வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிற ஒரு பீகார்ப் பையனிடம் இதைப் பெருமையாகச் சொல்லப் போனேன். நான் பேரைச் சொல்லி முடிக்கும் முன்னே, "தர்மராஜ் அண்ணா! தெரியும் அங்கிள்" என்றான். அந்த 'அண்ணா'வை அவன் தமிழிலேயே சொன்னான். கபடிக்காரர்கள் எல்லாருமே அவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பாட்னாக்காரன் நம் ஆளை அண்ணா என்கிறான். நாம் அவனை என்னவென்று கூப்பிடுகிறோம் என்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹரியானாப் பையன்கள் நம் இடத்தைத் திருடிக்கொண்டு வரவில்லை. உழைத்து வந்திருக்கிறார்கள். டெல்லி எல்லையில் நிசாம்பூர் என்று ஒரு கிராமம். முதல் ஏலத்தில் உச்ச விலைக்குப் போன ராகேஷ் குமார் அந்த ஊர். நம் தலைவாஸுக்கு ஆடிய மஞ்சீத் சில்லரும் அந்த ஊர். இந்தியாவுக்கு ஆடி அர்ஜுனா விருது வாங்கிய இரண்டு பேர், ஒரே கிராமத்தில். அங்கே தண்ணீரில் எதுவும் விசேஷம் கிடையாது. சின்ன வயசிலிருந்து காலையும் மாலையும் ஆடுவதற்கு இடம் இருக்கிறது. சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நன்றாக ஆடினால் ரயில்வேயிலோ போலீசிலோ வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. இடம், ஆசான், வேலை. இந்த மூன்றும் ஒரு ஊரில் இருந்தால் அந்த ஊரில் கபடி விளையும்.

நம்மிடம் இந்த மூன்றும் இருந்ததில்லையா? இருந்தது. 1990-இல் பீஜிங் ஆசிய விளையாட்டில் முதல் தடவை கபடி சேர்த்தபோது, தங்கம் வாங்கிய இந்திய அணியில் நம் ராஜரத்தினம் இருந்தார். 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அணியில் மணத்தி கணேசன். அடுத்த வருஷம் அவருக்கு அர்ஜுனா விருது. தூத்துக்குடி மாவட்டத்து கிராமத்துப் பையன், விளையாட்டால் மின்வாரியத்தில் வேலைக்குப் போனவர். 'பைசன்' படம் வந்த பிறகு எல்லாரும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள், அந்த வேலை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். 2014-இல் முதல் சீசன் கோப்பையை ஜெய்ப்பூருக்கு வாங்கிக் கொடுத்த கோச் கே. பாஸ்கரன் நம்மவர். ஆசானுக்கும் பஞ்சமில்லை.

கால்பந்திலும் இதே கதை. 2017 ஜூலையில் ஐ.எஸ்.எல். டிராஃப்ட் மும்பையில் நடந்தது. விலை முன்பே எழுதியிருக்கும், முறை வரும்போது அணி பெயரைச் சொல்ல வேண்டும். அந்த சீசனில் சென்னையின் எஃப்.சி. கோப்பை ஜெயித்தது. 2018 மார்ச்சில் பெங்களூரிலேயே பெங்களூரை 3-2 என்று அடித்தார்கள். நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ், வியாசர்பாடிப் பையன். அதே டிராஃப்டில் இன்னொரு சென்னைப் பையன் நந்தகுமாரை டெல்லி எடுத்தது. பிறகு ஒடிசா, பிறகு ஈஸ்ட் பெங்கால். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் ஒரே கோலில் ஜெயித்தது. நாலரை வருஷமாக அந்த டெர்பியில் ஜெயிக்காத அணி. அந்த ஒரு கோலை அடித்தவர் நம் நந்தகுமார். கொல்கத்தாக்காரர்கள் அன்றிரவு அவரைத் தலையில் வைத்து ஆடினார்கள்.

இந்தப் பையன்களைச் செய்தது எந்த டிராஃப்டும் இல்லை. மாலையில் பிள்ளைகளைச் சேர்த்து, காசு வாங்காமல் பந்து கற்றுக்கொடுத்த வடசென்னை ஆட்கள் அதற்கு ரொம்ப முன்பே உழைத்துவிட்டார்கள். மும்பையில் பெயர் வாசித்தது அறுவடை அன்றைக்கு. நாம் அறுவடையன்று மட்டும் களத்துமேட்டில் நின்று, நெல்லு யாருக்கு என்று சண்டை போடுகிறோம். நாற்று விட்டது யார், தண்ணீர் கட்டியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

இனி நம் ஊர் விஷயம்.

நான் எங்கள் ஊர் அணிக்கு இடது கார்னர். காணும் பொங்கலுக்கு மேட்ச். டியூப்லைட் கட்டி ராத்திரி முழுக்க நடக்கும். முதல் பரிசு ஆட்டுக்கிடா, இரண்டாம் பரிசு அண்டா. இருங்காட்டுக்கோட்டை, மாம்பாக்கம், பேரம்பாக்கம் பக்கமெல்லாம் அணிகள் வரும். அந்தத் திடல் மேய்க்கால் புறம்போக்கு. காலையில் மாடு, மாலையில் நாங்கள். இன்று அந்த இடத்தில் ஒரு பக்கம் லாரிகள் நிற்கின்றன. மறுபக்கம் கட்டட இடிபாட்டைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். நடுவில் மிச்சம் இருக்கிற இடத்தில் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து லாரிக்கு அடியில் போனால் ஆட்டம் நிற்கும்.

தொழிற்சாலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முப்பது வருஷம் மூன்று ஷிப்டும் பார்த்து என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது தொழிற்சாலைச் சம்பளம்தான். ஏரிப் பாசனமும் மானாவாரியும் நம்பியிருந்த இந்தப் பக்கத்துக்கு 1990-களுக்குப் பிறகு வந்த வேலைகள் சோறு போட்டிருக்கின்றன. மறுக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் கார் ரேஸ் ஓடுவதற்கு ஒரு டிராக் இருக்கிறது. வேகமாக வண்டி ஓட்டுகிறவனுக்கு இடம் உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடிப்போகிறவனுக்கு பதிமூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் போதும். அந்த இடம் ஊருக்கு ஒன்று இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன். பெயர் வேண்டாம். இடது பக்கம் பாடிப்போனால் கணுக்காலைப் பிடிக்க ஆள் கிடையாது. அவ்வளவு நெளிவு. ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலமாக வேலை. மாவட்ட அளவில் தேறி, மாநிலத் தேர்வுக்கு மூன்று நாள் வரச் சொன்னார்கள். லீவு கேட்டான். "போயிட்டு வா, ஆனா நாலாம் நாள் கேட் பாஸ் வேலை செய்யுமான்னு நான் சொல்ல முடியாது" என்றார் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். வீட்டில் அம்மாவுக்கு டயாலிசிஸ். பையன் போகவில்லை. இன்று அவனுக்கு 27 வயசு. பொங்கலுக்கு மட்டும் ஆடுகிறான். ஏலத்தன்று டீக்கடையில் அவன்தான் பெரிதாகச் சத்தம் போடுகிறான். எனக்கு அவனைத் திட்ட மனசு வரவில்லை.

தலைவாஸில் தமிழன் இல்லை என்று சொல்கிறவர்களே, அந்தப் பையனை ஹரியானாக்காரனா தடுத்தான்? பீகார்க்காரனா தடுத்தான்?

திறமை இல்லை என்று யாராவது சொன்னால் கண்ணகி நகர் கார்த்திகாவைக் காட்டுங்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைக் கேப்டன். சென்னையின் குடிசைப் பகுதிகளை அப்புறப்படுத்திக் கொண்டுபோய் வைத்த இடம் கண்ணகி நகர். அங்கிருந்து ஒரு பெண் பிள்ளை ஜெயித்து வந்தாள். அதே போட்டியில் ஆண்கள் அணியில் தங்கம் வாங்கிய அபினேஷ், திருவாரூர் மாவட்டம் வடுவூர்ப் பையன். வடுவூர் கபடிக்குப் பெயர்போன ஊர். அரசாங்கம் இருவருக்கும் தலா 25 லட்சம் கொடுத்தது. சரியான காரியம். ஆனால் ஜெயித்த பிறகு கொடுக்கிற பணம் ஜெயித்தவருக்கு மட்டும் போகும். ஜெயிப்பதற்கு முன் போடுகிற மேட்டில் நூறு பிள்ளைகள் ஆடலாம்.

என்ன செய்யலாம் என்று சொல்லாமல் சும்மா புலம்புவது எனக்குப் பிடிக்காது. மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, தலைவாஸ் ரசிகர்களுக்கு. அடுத்த ஏலத்தின்போது, "யாரை எடுத்தீங்க?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டத்தில், எத்தனை பிள்ளைகளுக்கு இந்த வருஷம் பயிற்சி கொடுத்தீங்க?" என்றும் அணியிடம் கேளுங்கள். தமிழ் என்ற பெயருக்கு வாடகை அதுதான். பிறகு ஏழு பேரில் ஏழு பேரும் ஹரியானாவாக இருந்தாலும் நான் கை தட்டுவேன்.

இரண்டாவது, கம்பெனிகளுக்கு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுவரவோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கம்பெனி இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற ஏழாவது அட்டவணையில் கிராமிய விளையாட்டுப் பயிற்சி என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஒரு கபடி மேட் சில லட்சங்களில் முடிகிற சமாச்சாரம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் இத்தனை கம்பெனிகள். மரம் நட்டு போட்டோ எடுத்ததெல்லாம் போதும். செடி செத்துப்போச்சு, போர்டு மட்டும் நிற்கிறது. ஊருக்கு ஒரு மேட் போட்டு, மாலையில் ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கட்டும். மாநிலத் தேர்வுக்குப் போகிற பையனுக்கு, கான்ட்ராக்டாக இருந்தாலும், மூன்று நாள் லீவு என்று ஒரு சர்க்குலர் போடட்டும். அதற்குப் பைசா செலவில்லை.

மூன்றாவது, நமக்கு. ஆம், பென்ஷன் வாங்கிக்கொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கும் எனக்கும். அரசாங்கம் 2024-இல் கலைஞர் பெயரில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுக்கத் திட்டம் போட்டது. பந்தும் மட்டையும் வரும். பந்து உருளுவதற்கு இடம் யார் கொடுப்பது? அந்த இடத்தை நாம்தான் காப்பாற்ற வேண்டும். கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அதில் எத்தனை பேர் போகிறோம்? கோரத்துக்குக் கையெழுத்து வாங்க, நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களைக் கூட்டி வைத்துக் கணக்கை முடிக்கிறார்கள். ஊரில் எந்த சர்வே எண் மேய்க்கால், எது களம், எது மந்தை என்று மனப்பாடமாகத் தெரிந்த கடைசித் தலைமுறை நாம்தான். நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அதிகாரிகள் மூன்று வருஷத்தில் மாறிவிடுவார்கள். நாம் வாயைத் திறக்காமல் போய்ச்சேர்ந்தால், அந்த எண்ணும் நம்மோடு போய்விடும்.

"இந்த வயசுல நமக்கு எதுக்கு வம்பு?" என்று சில பேர் சொல்வீர்கள். ஏலத்தில் எவனோ ஒருவனை எவனோ ஒருவன் வாங்கியதற்கு நரம்பு புடைக்கக் கத்துகிறோமே, அது மட்டும் வம்பு இல்லையா?

பொங்கல் கழிந்து ஜனவரி 26 அன்று கிராம சபை. நான் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். திடலின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, லாரிகளையும் இடிபாட்டையும் அகற்றி, அந்த இடத்தை ஊராட்சி விளையாட்டுத் திடல் என்று தீர்மானம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று நாலு வரி. கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் வீட்டுக்கு வரலாம். காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன். மண் கட்சிக்காரர்கள் கட்டாயம் வர வேண்டும். மண்ணைப் பற்றித்தான் மனு.